எஃப்ஐபி (டீசல் பம்ப்) போச்சு, டீசல்ல தண்ணின்னு சொல்லி வாரண்டி இல்லைங்குறாய்ங்க. என்ன பண்றது?

தங்கச்சிமடம்_லோடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க, வயிறு எரிஞ்சு போய் எழுதுறேன்.

நான் பாம்பன், மண்டபம் பக்கம் மீன் லோடு ஓட்டுறவன். வண்டி என் பேர்ல, ஓட்டுறதும் நானேதான், பொட்டி ஏத்தி இறக்க கூட ஒரு பையன் வருவான். 14 அடி வண்டி, பிஎஸ்6, காமன் ரெயில் இன்ஜின். எந்தக் கம்பெனின்னு இங்க எழுத வேண்டாம்னு பாக்குறேன், சண்டை இன்னும் முடியல. மூணு வருஷம் இல்லாட்டி மூணு லட்சம் கிலோமீட்டர் வாரண்டி, ரெண்டுமே இன்னும் தாண்டல. ஆயில், ஃபில்டர் எல்லாம் அவிங்ய ஷோரூம்லதான் மாத்துறேன், பில்லு பூரா ஃபைல்ல இருக்கு.

தடைக்காலத்துல வண்டிக்கு பெருசா வேலை இல்ல, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்கு போகாது, கருவாடு லோடு, வாலிநோக்கம் உப்பு லோடுன்னு அப்பப்ப எடுத்து ஓட்டுனேன், மத்த நேரம் வாசல்ல நின்னுச்சு. தடை முடிஞ்சு படகு எல்லாம் வந்து எறங்கி நாலு காசு பாக்குற நேரத்துல காலைல செல்ஃப் அடிச்சா ஒரேடியா இழுக்க ஆரம்பிச்சது, ரெண்டு மூணு தடவ அடிச்சாத்தான் புடிக்கும். ஏதோ ஏர் எடுக்குது போலன்னு ஷோரூமுக்கு போன் போட்டா அடுத்த வாரம் கொண்டு வாங்கன்னாய்ங்க. அதுக்குள்ள ஒருநாள் ராத்திரி ஃபுல் ஐஸ் லோடோட பாம்பன் பாலத்துல ஏறுறேன், ஏத்தத்துல பாதில இன்ஜின் லைட் எரிஞ்சு பிக்கப் செத்துருச்சு, மிதிச்சா மிதிச்ச மாதிரியே இருக்கு வண்டி ஊருது, பின்னாடி ராமேஸ்வரம் பார்த்துட்டு வர்ற டூரிஸ்ட் வேன்காரய்ங்க ஆரன் அடிச்சே கொல்றாய்ங்க. எப்பிடியோ பாலத்தை எறக்கி உச்சிப்புளி வரைக்கும் வந்துட்டேன், அங்க நின்னது நின்னதுதான். லோடை வேற வண்டிக்கு மாத்தி அனுப்பிட்டு டோ பண்ணி ஷோரூம்ல விட்டேன்.

ஸ்கேனர் போட்டு பி0087ன்னு எரர் கோடு காமிச்சாய்ங்க, ரெயில்ல (பம்ப் தள்ளுற டீசலை இன்ஜெக்டருக்குப் பிரிச்சு விடுற குழாய்) பிரஷர் வரலன்னு அர்த்தமாம். ஹை பிரஷர் பம்ப், ரெயில், இன்ஜெக்டர் அத்தனையும், பைப்பு, டேங்க் கழுவ, லேபர்னு எஸ்டிமேட் ரெண்டரை லட்சத்தைத் தொடுது. வாரண்டில போடுங்கன்னா சர்வீஸ் அட்வைசர் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காமிக்கிறாரு, அடில ரெண்டு விரக்கட தண்ணி, மேல டீசல். “டீசல்ல தண்ணி சார், கலப்பட ஃபியூலுக்கு வாரண்டி கெடையாது, புக்குல பாருங்க”. எங்கருந்து எடுத்தீங்கன்னேன். ஃபில்டர் அடிக் கிண்ணத்துல இருந்தாம். எடுக்குறப்ப என்னைக் கூப்பிடவும் இல்ல.

டாஷ்போர்டுல டீசல்ல தண்ணி சேந்தா எரியிற தண்ணி லைட்டுன்னு ஒன்னு இருக்கு, சாவி போட்டா எரிஞ்சு அணையும், ஓட்டத்துல ஒரு நாளும் எரியல. அதைச் சொன்னா அது வேற இது வேறங்குறாரு.

ராம்நாட்ல ஒரு மெக்கானிக் ரீகண்டிஷன் பம்ப் வாங்கி பாதிக் காசுல முடிச்சுத் தர்றேங்குறாரு. வண்டி நிக்க நிக்க டியூ ஏறுது. வெளில போட்டுட்டு போயிறவா, இல்ல சண்டை போடவா? போட்டா ஜெயிக்குமா? பட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

---

சாயல்குடி_சரக்கு:

தம்பி, கம்பெனிக்காரய்ங்க கூட மல்லுக்கு நின்னா சீசன் போயிரும். வெளில போடுங்க, ஓடுங்க. கேஸ் கீஸுன்னு போனா உங்க பேரன் வந்துதான் தீர்ப்பு வாங்குவான். இது என் கருத்து, அம்புட்டுதான்.

---

பம்ப்ரூம்_ராம்நாடு:

அப்பிடி அவசரப்பட்டு சொல்லாதீங்க சரக்கு அண்ணே. தங்கச்சிமடம் தம்பி, நான் இருபது வருஷத்துக்கு மேல நாசில், பம்ப் வேலைதான் பாக்குறேன், பழைய இன்லைன் பம்ப் காலத்துல இருந்து. நீங்க சொன்னதுல ஒரு விஷயத்தைப் புடிச்சுக்கங்க. அவரு பாட்டில்ல காமிச்ச தண்ணி ஃபில்டர் அடிக் கிண்ணத்துல இருந்து எடுத்ததுன்னு அவரு வாயாலேயே சொல்லிட்டாரு. அந்தக் கிண்ணம் இருக்குறதே தண்ணியப் புடிச்சு வைக்கத்தான். டீசலை விட தண்ணி கனம், அடில தங்கும், டிரெயின் போல்ட்டைத் திறந்து விடுறோம். வடிகட்டில மண்டி நிக்குதுன்னா காப்பி கெட்டுப்போச்சுன்னு எவனாச்சும் சொல்வானா? தண்ணி ஃபில்டரைத் தாண்டி பம்புக்குப் போச்சான்னுதான் பாக்கணும், அதை அவரு பாக்கவே இல்ல.

போச்சா இல்லையான்னு எப்பிடி கண்டுபுடிக்கிறது? பம்பைப் பிரிச்சா கண்ணுக்கே தெரியும். தண்ணி போன பம்ப்ல பிளஞ்சர்லயும் (டீசலை அழுத்துற தண்டு) உள்ள வர்ற வால்வுலயும் செவந்த துருப் புள்ளி குழிகுழியா இருக்கும், மீட்டரிங் யூனிட் (பம்புக்குள்ள போற டீசலை அளந்து விடுற வால்வு) வாய்ல இருக்குற சின்ன வலையில பழுப்பா மண்டி ஒட்டியிருக்கும். தண்ணியே போகாம உள்ள உராஞ்சு போன பம்ப்னா கோடு கோடா கீறல் விழுந்து வெள்ளி மாதிரி மின்னும், வலையில பளபளன்னு தூள் இருக்கும், துரு இருக்காது. ரெண்டும் ரெண்டு வேற சாவு. அப்பறம் ஃபில்டரையே அறுத்துப் பாக்கலாம், பேப்பரோட வெளிப்பக்கம் அழுக்கு இருக்கும் அது சகஜம், உள்பக்கம், அதாவது பம்புக்குப் போற பக்கம், சுத்தமா இருந்தா ஃபில்டர் வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்.

இன்னொன்னு, பி0087ன்னா பம்ப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. ரெயில்ல பிரஷர் கம்மின்னுதான் அர்த்தம். அதுக்கு ஆயிரம் காரணம், ஃபில்டர் அடைப்பு, டேங்க்ல இருந்து வர்ற லைன்ல ஏர், மீட்டரிங் யூனிட் சிக்குறது, ரெயில் பிரஷர் வால்வு விடுறது, ஒரே ஒரு இன்ஜெக்டர் ரிட்டர்ன்ல (மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புற லைன்) ஊத்துனாக்கூட இந்தக் கோடுதான் வரும். செல்ஃப் அடிக்கிறப்ப ஸ்கேனர்ல ரெயில் பிரஷர் எவ்வளவு வருதுன்னு பாத்தாய்ங்களா? சுமாரா 200, 250 பாராவது வந்தாத்தான் இன்ஜின் புடிக்கும். எல்லா இன்ஜெக்டருக்கும் ரிட்டர்ன்ல டியூப் மாட்டி அளவு பாத்தாய்ங்களா? இது ரெண்டும் பாக்காம எஸ்டிமேட்ல எல்லாத்தையும் ஏத்தியிருந்தா அது டயக்னோஸ் இல்ல, ஷாப்பிங் லிஸ்டு.

ஆனா பம்ப்தான் உதுந்து தூள் விட்டுருக்குன்னா அப்ப அவிங்ய எழுதுன லிஸ்டும் பொய் இல்ல. இந்தப் பம்ப்புக்கு ஆயில் தனியா கெடையாது, ஓடுற டீசல்தான் அதுக்கு ஆயிலும். பிஎஸ்4ல 50 பிபிஎம் இருந்த கந்தகத்தை பிஎஸ்6ல 10க்கு கொண்டு வந்துட்டாய்ங்க, கந்தகத்தை எடுக்குறப்ப டீசலோட வழவழப்பும் குறையும், அதை ஈடுகட்ட மருந்து கலந்துதான் விடுறாய்ங்க. அதனால இதுல தண்ணியோ மண்ணெண்ணெயோ கொஞ்சம் கலந்தாலும் பழைய பம்ப் மாதிரி தாங்காது. உள்ள உதுந்த தூள் ரெயிலுக்குப் போகும், இன்ஜெக்டருக்குப் போகும், ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்கே திரும்பிப் போகும். பம்பை மட்டும் மாத்திட்டு டேங்கைக் கழுவாம விட்டா புதுப் பம்ப்பும் அதே தூளைக் குடிச்சு சாகும். ராம்நாட்ல பாதிக் காசுன்னு சொன்னவர்கிட்ட டேங்க், ரெயில், பைப்பு இதுல சேருதான்னு கேளுங்க, பம்ப் மட்டும்னா கிட்ட போகாதீங்க.

வெளில போடுறதா முடிவு பண்ணா இதையும் பாத்துக்கங்க. பைப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி இன்ஜினை சுத்தமா கழுவி காய வைக்கணும், நம்ம ஊர் வண்டில உப்பும் மீன் தண்ணியும் மணலும் அப்பி இருக்கும், ஒரு துணுக்கு உள்ள போனா போதும். கழட்டுன வாய் எல்லாத்துக்கும் உடனே மூடி போடணும். ஹை பிரஷர் பைப்பும் காப்பர் வாஷரும் புதுசுதான் போடணும். டைமிங் மார்க் பாக்கணுமா வேணாமான்னு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், மேனுவலைப் பாத்து செய்யச் சொல்லுங்க. மாட்டி முடிச்சு கைப்பம்ப்பை இறுகுற வரைக்கும் அடிச்சுட்டுத்தான் செல்ஃப். பழைய ஆளுக சில பேரு பழைய பழக்கத்துல ஓட்டத்துலயே பைப்பு நட்டை லூஸ் பண்ணி ஏர் எடுப்பாய்ங்க. காமன் ரெயில்ல அது வேலையே கெடையாது, ஆயிரத்து அறுநூறு பார் பிரஷர்ல ஊசி மாதிரி வர்ற டீசல் தோலுக்குள்ள பாஞ்சா விரலை எடுக்க வேண்டி வந்துரும். இன்ஜெக்டர் மாத்துனா அது மேல இருக்குற நம்பர் கோடை ஈசியூல (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஏத்தணும், ஏத்தாட்டி புகை வரும், ஐட்லிங் ஆடும்.

என்னைக் கேட்டா, வண்டிய இப்பவே வெளில எடுக்காதீங்க. வெளில பிரிச்ச மறு நிமிஷம் “நாங்க பாக்கும்போது இப்பிடி இல்ல”ன்டுவாய்ங்க.

---

தொண்டிக்காரன்:

மாப்ள தப்பா நெனைக்காத, ஒன்னு கேக்கணும். படகு டீசல் ஊத்துனியா? நம்ம பக்கம் பாதி வண்டி அதுலதான ஓடுது. மானிய டீசலை கேன்ல வாங்கி, கரையில கடல் தண்ணி தெறிச்ச கேன்ல இருந்து வண்டிக்கு ஊத்துறது. டீசல் என்னவோ அதே டீசல்தான், கேன்தான் பிரச்சினை. ஊத்தியிருந்தா சண்டைக்குப் போகாத, அது படகுக்கு மட்டும்னு கொடுக்குறது, வண்டிக்கு ஊத்துறதே குத்தம், கம்பெனிக்காரன் பங்க் பில்லைக் கேட்டான்னா அங்கேயே முடிஞ்சுரும்.

---

தங்கச்சிமடம்_லோடு:

இல்ல மச்சான், சத்தியமா இல்ல. எல்லாம் ரோட்டு பங்க்லதான், பாதி ஆன்லைன்ல கட்டுனது, போன்ல ஹிஸ்டரி இருக்கு. நீ கேட்டதும் சரிதான், அட்வைசரும் மொதக் கேள்வியே அதைத்தான் கேட்டாரு.

பம்ப்ரூம் அண்ணே, நீங்க சொன்னதை இன்னைக்கே போய்க் கேட்டேன். கிராங்கிங் பிரஷர், அதான் செல்ஃப் அடிக்கிறப்ப ரெயில்ல வர்ற பிரஷர், எவ்வளவுன்னு கேட்டதும் அட்வைசர் மூஞ்சி மாறிருச்சு. உள்ள போய் டெக்னீசியனைக் கூட்டிட்டு வந்து 90 பார்னு சொன்னாய்ங்க. இன்ஜெக்டர் ரிட்டர்ன் பாக்கலையாம். “பம்ப் போயிருக்கு, அப்பறம் எதுக்கு சார் அது”ங்குறாய்ங்க.

---

கீழக்கரை_கெமிஸ்ட்ரி:

தம்பி, நான் வண்டிக்காரன் இல்ல, ஸ்கூல்ல பாடம் எடுக்குறவன், ஆனா மாமா வீட்ல லாரி இருக்கு. அந்தத் தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை. தண்ணி எங்கருந்து வந்துச்சுங்குறதுக்கு ஒரு சின்ன சோதனை இருக்கு. பாட்டில் அடில இருக்குற தண்ணிய மட்டும் டிராப்பர்ல எடுத்து சுத்தமான கண்ணாடிக் குழாயில விட்டு, சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விடுங்க, ப்ளஸ் டூ லேப் இருக்குற எந்த ஸ்கூல்லயும் கெடைக்கும். தயிர் உறைஞ்ச மாதிரி வெள்ளையா திரிஞ்சா உப்புத் தண்ணி. லேசா கலங்குனா, இல்ல கலங்கவே இல்லன்னா, காத்துல இருந்து டேங்க் உள்சுவர்ல வேர்த்து இறங்குன தண்ணியா இருக்கலாம். வண்டி அரை டேங்க்ல மாசக்கணக்குல நின்னா ராத்திரி குளிருக்கும் பகல் சூட்டுக்கும் அப்பிடி வேர்க்கும், கடற்கரைக் காத்துல ஈரம் அதிகம்.

ஆனா இதை வச்சு பங்க்கா கடலான்னு முடிவு கட்டிறாதீங்க. நம்ம ஜில்லாவுல நெலத்தடித் தண்ணியே உப்புதான், பங்க் டேங்க்ல கசிஞ்சு எறங்குனாலும் இதே மாதிரிதான் திரியும். பங்க் மேல சந்தேகம்னா அங்கேயே போய் டென்சிட்டி ரிஜிஸ்டரைக் கேளுங்க. லோடு வந்தப்ப சலான்ல இருந்த டென்சிட்டிக்கும் இப்ப எடுக்குறதுக்கும், 15 டிகிரிக்கு மாத்திக் கணக்குப் போட்டா, 3க்கு மேல (கன மீட்டருக்கு கிலோ கணக்குல) வித்தியாசம் வரக்கூடாது. கேட்டா அவங்க அளந்து காட்டியாகணும். டேங்க்ல தண்ணி இருக்கான்னு குச்சில தண்ணி பட்டா நிறம் மாறுற பேஸ்ட் தடவி விட்டுப் பாக்குறதும் அவங்க தினசரி வேலைதான்.

சாம்பிள் எடுத்தா ரெண்டு மூணு பாட்டில்ல எடுத்து சீல் வச்சு தேதி போட்டு, ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிக்கங்க. ஒன்னு உங்ககிட்ட இருக்கணும்.

---

தொண்டிக்காரன்:

சார் இது நல்லா இருக்கே. எங்க அண்ணன் வண்டில டேங்க் மூடி ரப்பர் வெடிச்சு உள்ள தண்ணி எறங்கி இப்பிடித்தான் ஆச்சு. மீன் பொட்டில இருந்து வடியிற ஐஸ் தண்ணி டேங்க் மேலயே சொட்டும், அதுல பாதி உப்பு. மாப்ள உன் வண்டில மூடி ரப்பரைப் பாரு, அப்பிடியே வடியிற குழாய் எங்க முடியுதுன்னும் பாரு, டேங்குக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டா நல்லது.

---

பரமக்குடி_வாய்தா:

வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா வேலை பாக்குறேன், வக்கீல் இல்ல, அதனால இதை சட்ட ஆலோசனைன்னு எடுத்துக்காதீங்க, ஆனா நுகர்வோர் கேஸ் நிறைய டைப் பண்ணிருக்கேன்.

மொதல்ல, வாரண்டி இல்லன்னு வாயால சொன்னதை எழுத்துல வாங்குங்க. “இந்தக் காரணத்தால இந்தப் பாகத்துக்கு வாரண்டி மறுக்கிறோம்”னு மெயில்லயாவது வரணும். தர மாட்டாய்ங்க. அப்ப நீங்களே மெயில் போடுங்க, “இன்ன தேதில இன்னார் இப்பிடிச் சொன்னாரு, ஃபில்டர் கிண்ணத்துல இருந்து எடுத்த தண்ணியத்தான் ஆதாரமாக் காமிச்சாரு, பம்பைப் பிரிக்கவே இல்ல, இது சரியான்னு உறுதி பண்ணுங்க”ன்னு. டீலருக்கு மட்டும் போடாம வண்டி கம்பெனியோட ஹெட் ஆபீஸ், ரீஜனல் ஆபீஸ் ரெண்டுக்கும் சேத்துப் போடுங்க. டீலருக்கு வாரண்டி கிளெய்ம்ல கம்பெனிக்கு விளக்கம் எழுதுறது தொல்லை, காசு வாங்குறது சுலபம், பாதி ரிஜெக்ஷன் அங்கதான் நடக்குது. வாரண்டி கொடுக்குறது கம்பெனி, ஷோரூம் இல்ல.

ரெண்டாவது, பேரன் வந்து தீர்ப்பு வாங்குவான்னு அண்ணன் ஒருத்தர் சொன்னாரு. லேட் ஆகும், அதை மறுக்கல. ஆனா கேஸ் போடாமலே பாதி முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சா கம்பெனிக்கே நேரா போகும், பெரிய கம்பெனிக அதுக்கு பதில் சொல்லப் பாப்பாய்ங்க. காசே கெடையாது.

மூணாவது, வக்கீல் வச்சு அவிங்ய மொதல்ல எழுப்புற கேள்வி இதுதான்: “வண்டி வியாபாரத்துக்கு வாங்குனது, நீங்க நுகர்வோரே இல்ல.” 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வணிக நோக்கத்துக்கு வாங்குனவங்களை வெளில வச்சிருக்காய்ங்க, உண்மைதான். ஆனா அதே பிரிவுலயே விளக்கம் இருக்கு, சுயதொழில் செஞ்சு பொழைக்க வாங்கி தானே பயன்படுத்துறவன் நுகர்வோர்தான். 1995ல சுப்ரீம் கோர்ட் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்குல இதைத் தெளிவாவே சொல்லிருக்கு, தானே ஓட்ட வண்டி வாங்குறவன் நுகர்வோர், முழுக்க இன்னொருத்தனை வச்சே ஓட்ட வாங்குறவன் இல்ல. கூட ஒரு ஆள் உதவிக்கு இருந்தா ஒன்னும் ஆகாது. நீங்க ஓட்டுறீங்க, பையன் லோடு ஏத்துறான், உங்களுக்கு சரியாப் பொருந்தும். லைசென்ஸ், டோல் பில்லு, லோடு ரசீது எல்லாம் பத்திரமா வைங்க. ரெண்டு மூணு வண்டி வச்சு டிரைவர் போட்டு ஓட்டுறவங்க இதைப் படிச்சா, உங்களுக்கு இது கஷ்டம்தான்.

கேஸ்னு வந்தா ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், கம்பெனி எங்க இருந்தாலும் நீங்க குடியிருக்குற ஊர்ல போடலாம்னு 2019 சட்டம் வந்தப்பறம் ஆயிருச்சு. மாவட்டத்துல 50 லட்சம் வரைக்கும். கட்டணம் நீங்க கேக்குற தொகைய வச்சு இல்ல, வண்டிக்குக் கொடுத்த விலைய வச்சு. 10ல இருந்து 20 லட்சத்துக்குள்ள வண்டின்னா 400 ரூவா. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுறணும், மறுத்த நாள்ல இருந்து எண்ணிக்கங்க. பழுது என்னன்னு சும்மா பாத்து சொல்ல முடியாட்டி லேபுக்கு அனுப்பச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு, அதனாலதான் பழைய பம்ப் முக்கியம்.

கடைசியா ஒன்னு. அவசரத்துக்கு காசைக் கட்டி வண்டிய எடுக்க வேண்டி வந்தா பில்லு மேலயே “ஆட்சேபத்தோட கட்டுறேன், என் உரிமையை விடல”ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு போட்டோ புடிச்சுக்கங்க. பழைய பம்ப், இன்ஜெக்டர், ஃபில்டர் எல்லாம் கவர்ல கட்டி வாங்கிட்டு வாங்க. ஸ்கிராப்புக்குப் போட்டோம்னு சொன்னா ஜாப் கார்டுல எழுதி வாங்குங்க.

---

சாயல்குடி_சரக்கு:

வாய்தா தம்பி, படிச்சேன், நல்லாத்தான் எழுதிருக்கீங்க. ஆனா அந்த ஆள் சீசன்ல வண்டி இல்லாம எத்தன நாள் உக்காருவாரு, அதுக்கு யாரு நஷ்டஈடு?

---

பரமக்குடி_வாய்தா:

கேக்கலாம் அண்ணே, வருமான இழப்புன்னு. வேற வண்டி வாடகைக்கு எடுத்த ரசீது, போன வருஷம் இதே மாச கணக்கு இருந்தா கொஞ்சம் கெடைக்கும். ரசீது இல்லன்னா எழுதி மட்டும் பிரயோசனம் இல்ல.

---

தங்கச்சிமடம்_லோடு:

எல்லாருக்கும் பதில் போடணும்னு இருந்தேன், அலைச்சல்ல முடியல. நடந்ததைச் சொல்றேன்.

வாய்தா அண்ணன் சொன்ன மாதிரியே மெயில் போட்டேன், பம்ப்ரூம் அண்ணன் கேட்ட ரெண்டு கேள்வியையும் அதுல ஏத்துனேன், கிராங்கிங் பிரஷர் 90, இன்ஜெக்டர் ரிட்டர்ன் பாக்கலன்னு டெக்னீசியன் சொன்னாருன்னும் எழுதிட்டேன். தண்ணி லைட் எரியல, ஈசியூல தண்ணி அலாரம் எப்ப பதிவாச்சுன்னு எடுத்துத் தாங்கன்னும் கேட்டேன். 1915லயும் பதிஞ்சேன். கொஞ்ச நாள் சத்தமே இல்ல, அப்பறம் ரீஜனல் ஆபீஸ்ல இருந்து ஒரு இன்ஜினியர் வர்றாருன்னு போன். வந்தவரு நல்ல மனுசன், சத்தம் போடல, என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே பம்பைப் பிரிச்சாரு.

ஃபில்டரை அறுத்தாரு. வெளிப்பக்கம் கருப்பு, உள்பக்கம் வெள்ளையா பேப்பர் பேப்பராவே இருந்துச்சு. மீட்டரிங் யூனிட் வலையில மேக்கப் பொட்டு மின்னுற மாதிரி பொடி, விரல்ல தேச்சா ஒட்டுது. துருன்னு ஒரு புள்ளி இல்ல. அவரு அட்வைசரைத் திரும்பிப் பாத்தாரு, ஒன்னும் பேசல. ஈசியூல தண்ணி அலாரம் எதுவும் பதிவாகலன்னு அவரே லேப்டாப்ல காமிச்சாரு.

கீழக்கரை சார், உங்க சோதனையும் பண்ணேன், பக்கத்து ஸ்கூல்ல தெரிஞ்ச சார் உதவுனாரு. கெட்டியா வெள்ளையா திரிஞ்சுச்சு, உப்புத் தண்ணிதான். டேங்க் மூடி ரப்பர்லயும் ஒரு பக்கம் வெடிப்பு. அதனால தண்ணி டேங்குக்குள்ள வந்தது நெசம், ஆனா ஃபில்டர் அதைத் தாண்டி விடல. இன்ஜினியரே அப்பிடித்தான் எழுதிருக்காரு.

முடிவா அவிங்ய சொன்னது: பம்ப்பும் ரெயிலும் பைப்பும் வாரண்டி. இன்ஜெக்டர்ல ரிட்டர்ன் டெஸ்ட்டுல ஒன்னு மட்டும் ஃபெயில், அதுவும் வாரண்டி, மத்தது கழுவி செக் பண்ணி மாட்டுவாய்ங்க. டேங்க் கழுவுறது, ஃபில்டர், டீசல், மூடி என் காசு. லேபர் பாதி பாதி. ஆனா இதுக்கு ஒரு பேப்பர்ல கையெழுத்து கேக்குறாய்ங்க, “இதோட எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்”ன்னு. போடவா வேணாமா?

---

பரமக்குடி_வாய்தா:

அப்பிடியே போடாதீங்க. அந்தப் பேப்பர்ல ரெண்டு விஷயம் சேக்கச் சொல்லுங்க. ஒன்னு, மாத்துன புதுப் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் வாரண்டி எவ்வளவு காலம்னு. ரெண்டு, மாத்தாம விட்ட இன்ஜெக்டர்கள்ல இதே தூளால பின்னாடி பழுது வந்தா அதைக் கேக்குற உரிமை இந்தக் கையெழுத்தால போகாதுன்னு. சேக்க மாட்டோம்னா “இந்த வேலைக்கு மட்டும்”னு நீங்களே பேனாவால எழுதிட்டு போடுங்க. லேபர் பாதிக்காக மட்டும் கேஸுக்குப் போக வேணாம், அதுக்கு ஆகுற அலைச்சல் அதிகம்.

---

பம்ப்ரூம்_ராம்நாடு:

வாய்தா சொன்ன ரெண்டாவதுதான் முக்கியம். டேங்க் கழுவுறது உங்க காசுன்னா நீங்களே நின்னு பாருங்க தம்பி, டேங்கை எறக்காம மேலாப்புல ஹோஸை விட்டு அலசிட்டு முடிஞ்சுதுன்டுவாய்ங்க. எறக்கணும், உள்ள டீசல் உறிஞ்சுற வாய்ல இருக்குற பிக்கப் வலைய எடுக்கணும், காந்தத்தை உள்ள விட்டு இழுத்துப் பாக்கணும். ரிட்டர்ன் லைனை ரெண்டு பக்கமும் கழட்டி காத்தடிக்கணும். வண்டி எடுத்ததும் மொத ஃபில்டரை சீக்கிரமே மாத்தி அறுத்துப் பாருங்க, மினுக்கு தெரிஞ்சா உடனே போய் நில்லுங்க, ஓட்டாதீங்க.

---

தங்கச்சிமடம்_லோடு:

“இந்த வேலைக்கு மட்டும்”னு எழுதித்தான் போட்டேன், மூஞ்சிய சுளிச்சாய்ங்க ஆனா வாங்கிக்கிட்டாய்ங்க. டேங்க் எறக்குறப்ப கூடவே நின்னேன் அண்ணே, காந்தத்துல மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துச்சு. வண்டி இப்ப ஓடுது, ஒரே செல்ஃப்ல புடிக்குது. ஐஸ் பொட்டி வடிகால் குழாயையும் வலது பக்கம் திருப்பி விட்டுட்டேன்.

---

தேவிபட்டினம்_டிரைவர்:

அண்ணே லேட்டா வர்றேன், என் வண்டியும் இதே மாதிரி 14 அடி. டேங்க் மூடி ரப்பர் மட்டும் தனியா கெடைக்குமா, முழு மூடியும் வாங்கணுமா?

---

தங்கச்சிமடம்_லோடு:

ஷோரூம்ல மூடியோடதான் தர்றாய்ங்க தம்பி. ராம்நாட்ல லாரி ஸ்பேர்ஸ் கடையில ரப்பர் தனியா இருக்கு, ஆனா பழைய மூடியக் கையில கொண்டு போயி அளவு வச்சுப் பாத்து வாங்குங்க, ரெண்டு மூணு சைஸ் வச்சிருக்காய்ங்க.